ஒரு பக்கம் பெருத்த கப்பல்

ஹவுன்ஸ்லோ,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜெனோசனுக்கு,

மடு மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்தக் கனடாக் குளிரில், கப்பலில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் போடுவதற்குக் காரணம், என் போனை அப்பா எடுத்துப் பார்க்கிறவர். பியற்றிஸ் அக்காவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது, மாப்பிள்ளை வீடு நோர்பரிப் பக்கம். குசினிக் கூரை இன்னும் ஒழுகுகிறது, கவுன்சில்காரர்கள் வந்து பார்த்து, ஒழுகுவது உண்மைதான் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இனி அப்பாவின் கதை. எயார்போர்ட் வேலையை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்கத் தெரியாமல், சின்னப் போர்க்கப்பல் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. ஊரில் கடலில் நேவியின் சாம்பல் நிறக் கப்பல் தெரிந்தால் வலையை வெட்டிவிட்டு வள்ளத்தைத் திருப்பிய மனிதர். நீ கனடா நேவியில் சேர்ந்த நாளிலிருந்து, நீ கோல் எடுத்தால் போனை என்னிடம் நீட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறவர். எதற்கு என்று கேட்டேன், பொழுதுபோக்கு என்றார். வரைபடம் தேடி கிரீனிச்சில் இருக்கிற கப்பல் மியூசியம் வரை போனார். பழைய கப்பல் என்றால் தேடித் தரலாம், இப்போது கடலில் ஓடுகிற கப்பலின் படம் கிடைக்காது என்று சொன்னார்களாம். பிறகு மாதிரிக் கப்பல் செய்கிற வெள்ளைக்காரக் கிழவர்களின் சங்கம் ஒன்றைப் பிடித்தார். அதில் ஒருவர் புகைப்படங்களைப் பார்த்தே வரைந்து விற்கிறவராம். படம் குழாயில் சுருட்டி வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை அப்பாவுடையது, நான் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன்.

அந்தப் படத்தில் வலப் பாதியில் கப்பலின் முன்பக்க விலாக்கள், அதுதான் உடம்பைத் தாங்குகிற வளைந்த சட்டங்கள், இடப் பாதியில் பின்பக்க விலாக்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்பதால் பாதி பாதிதான் வரைவார்களாம். அப்பாவுக்கு அது தெரியாது. இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே விலா என்று நினைத்து, மெல்லிய பலகையில் வெட்டி நிறுத்திவிட்டார். கப்பல் ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் ஒட்டிப்போய் நின்றது. அளந்து பார்த்தார், படத்தின்படி சரி. உடனே கனடாக்காரன் கப்பலையே கோணலாகக் கட்டியிருக்கிறான் என்று முடிவு செய்தார். பிழை தன்னுடையதாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை, உனக்குத் தெரியாத ஆளா. ஆனால் அதன் பிறகு சோறு இறங்கவில்லை, மீன் குழம்பைக்கூட ஒதுக்கி வைத்தார். பூசையில் எல்லோரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும்போது, பக்கத்தில் நின்ற சற்குணம் அண்ணையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கப்பல் எவ்வளவு சரிந்தால் கவிழும் என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று அதட்டிக் கேட்டேன். "இந்தக் கப்பல் சரிஞ்சுபோகும், றோஸ். பிள்ளை இதுக்குள்ளதானே படுக்கிறான்" என்றார். அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுப் படத்தின் மூலையைப் பார்த்தேன். உன் கப்பலின் பெயர் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. நான் பிளவுஸ் வெட்டுகிற கடதாசியை எடுத்து மேசையில் விரித்தேன். முன்பக்கத்தில் பாதி, பின்பக்கத்தில் பாதி, துணியை மடித்து வெட்டினால்தான் முழுசாக வரும். இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் ஒட்டித் தைத்தால் யார் போடுவது என்று கேட்டேன். கடதாசியைத் தானே ஒருமுறை மடித்து விரித்துப் பார்த்தார். பிறகு எல்லா விலாவையும் பிடுங்கிவிட்டு, படத்தை மடித்து வரைந்து புதிதாக வெட்டினார். இப்போது உன் கப்பல் நேராக நிற்கிறது, அப்பாவும் இரண்டாம் முறை சோறு கேட்கிறார்.

மேல்தட்டை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. நீ படுக்கிற இடம் எது என்று தெரிந்தால், அங்கே ஒரு சின்னக் கட்டில் வைத்துவிட்டு மூடலாமாம். "நீ கேள், நான் கேட்டதெண்டு சொல்லாதை" என்றார். நான் கேட்கப் போவதில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருக்கிற நேரம் பார்த்து வீட்டுப் போனுக்கு எடு. இராணுவ இரகசியம் என்றால் ஏதாவது ஒரு மூலையைச் சொல், அவருக்குக் கட்டில் வைக்க ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஈரக் காலுறையோடு நிற்காதே, செபமாலையைக் கழற்றாதே. ஆண்டவர் உன்னைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும். ஞாயிறு மறந்துவிடாதே. நான் அந்த நேரம் பியற்றிஸ் அக்கா வீட்டில் இருப்பேன். போனை நீட்ட அவருக்கு ஆள் இருக்காது.

உன் அம்மா,
றோஸ்மலர்