அக்காள் ஒரு வீடு, தங்கை ஒரு வீடு

மதினி,

நேற்று மத்தியானம் சிவகாசியிலிருந்து காலண்டர் கட்டு வந்து இறங்கியது. எங்கள் வத்தல் மண்டிக்கு வரும் வியாபாரிகளுக்குக் கொடுப்பதற்காக அண்ணன் வருஷா வருஷம் தன் பிரஸ்ஸில் அடித்து அனுப்புவாரே, அதுதான். சணலை அறுத்ததும் மை வாசனை குப்பென்று வந்தது. மிளகாய் நெடி ஏறிய இந்த வீட்டில் வேறு எந்த வாசனையும் நிற்காது. இது மட்டும் சாயங்காலம் வரை நின்றது. பிரஸ்ஸுக்கு மேல்மாடியிலேயே குடியிருந்ததால் உங்கள் சேலையிலும் இதே வாசனை இருக்கும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இருந்தபோது நாம் ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நேரில் பார்க்கப்போகிறோம், எதை எழுதுவது? இப்போது எழுதத் தோன்றுகிறது. நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

பேச்சியை நாங்கள் அழைத்துவந்தபோது அவளுக்கு ஒரு தங்கை உண்டென்று எனக்குத் தெரியாது. விஸ்வநத்தத்தில் வெடிக்குக் குழல் சுருட்டிப் பிழைத்த ஒரு பெண் மஞ்சள்காமாலையோடு விருதுநகர் ஆசுபத்திரிக்கு வந்து அங்கேயே இறந்துவிட்டாள், புருஷன் முன்பே போய்விட்டான், சொந்தம் என்று யாரும் எட்டிப்பார்க்கவில்லை, ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வராந்தாவில் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த நர்சம்மா எங்களிடம் சொன்னது இவ்வளவுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். போய்ப் பார்த்தோம். பேச்சி ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தாள். அதை நான் கவனித்தேன், அர்த்தம் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே தட்டில் போட்ட சோற்றில் பாதியைப் பிரித்து ஓரமாக ஒதுக்கினாள். பசியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே செய்தாள். இட்லி வைத்தாலும் பாதி, வாழைப்பழம் கொடுத்தாலும் பாதி.

“ஏம்மா, இதையும் சாப்பிடு.”

“அது செல்லிக்கு.”

“செல்லி யாரு?”

“எந் தங்கச்சி. அவுக அம்மா அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாக.”

அவுக அம்மா அப்பா என்று அவள் சொன்னது உங்களையும் அண்ணனையும்தான். அப்போது நீங்கள் இருவரும் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆசுபத்திரியில் யாரோ அப்படிச் சொல்லி அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். மூன்று வயதுத் தங்கைக்கு மட்டும் எங்கிருந்தோ அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள், தனக்கு வரவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது. நான் நர்சம்மாவைப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். முந்தின நாளே சிவகாசி பிரஸ்காரர் வீட்டில் சின்னவளைக் கூட்டிப் போய்விட்டார்கள், இரண்டு பேர் என்றால் யாருமே எடுக்க மாட்டார்கள் என்று பயந்து மறைத்தேன் என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் இரண்டு என்று சொல்லியிருந்தால் அவர் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்.

செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் செம்பில் தண்ணீர் கொடுத்தீர்கள், மோர் வேண்டுமா என்று கேட்டீர்கள். உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை. மாடிப்படியின் மேல்படியில் நீங்கள், இரண்டு படி கீழே நான். வந்த விஷயத்தைச் சொன்னதும் உங்கள் முகம் மாறியது.

“இங்கன விஜயான்னு ஒரு பிள்ளைதான் இருக்கு. செல்லின்னு யாரும் இல்லை.”

“பேரு மாத்திட்டீகளா?”

“எம் பிள்ளைக்கு நான் பேரு வச்சேன். நீங்களும் பெறலை, நானும் பெறலை. ஒங்களுக்குத் தெரியாததா? அவ இப்பத்தான் மறந்துக்கிட்டு வாரா. மறக்கட்டும். நீங்களும் ஒங்க பிள்ளையை மறக்க வையிங்க.”

கோபமாகச் சொல்லவில்லை நீங்கள். கெஞ்சுவதுபோல்தான் இருந்தது. கீழே மிஷின் ஓடிய சத்தத்தில் பாதி எனக்குச் சரியாகக் கேட்கவும் இல்லை. சின்னவளை நான் பார்க்கவில்லை. கொடியில் ஒரு சின்னக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது, அதை மட்டும் பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பியபோது பேச்சி வாசலிலேயே நின்றாள். “பாத்தீகளா?” என்றாள். பார்த்தேன், நன்றாக இருக்கிறாள், கவுன் போட்டிருக்கிறாள் என்றேன். “என்ன கலரு?” மஞ்சள் என்றேன். அன்று ராத்திரி தட்டில் இருந்த முழுச் சோற்றையும் சாப்பிட்டாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான் மறுபடி வரவில்லை. பேச்சியும் அதிகம் கேட்கவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே காரியங்களை நடத்தக் கற்றுக்கொண்டாள். அருகில் வந்து நிற்பாள், நானாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் வந்தது சித்திரை வெயிலில். கதவைத் திறந்தால் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறீர்கள். உள்ளே வாருங்கள் என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தீர்கள். முந்தின நாள் சின்னவள் காணாமல் போயிருக்கிறாள். இரட்டைச் சடை போட்ட யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பின்னால் “அக்கா, அக்கா” என்று சொல்லிக்கொண்டே தெப்பக்குளம் வரை நடந்து போயிருக்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததும் முகம் வேறாக இருக்கவே அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிரஸ் ஆட்கள் நாலு திசைக்கும் ஓடியிருக்கிறார்கள். “விஜயா, விஜயா” என்று தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு அவளைக் கடந்தே போயிருக்கிறார்கள். அவள் திரும்பவில்லை.

“செல்லின்னு கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பா, மதினி” என்றீர்கள். என்னை நீங்கள் மதினி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாய் தவறி வந்ததா, தெரிந்து சொன்னீர்களா என்று பிறகு நான் கேட்டதில்லை.

பேச்சி உள்ளேயிருந்து வந்தாள். கட்டிப் பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். நீங்களும் அதற்குப் பயந்துகொண்டுதான் வந்திருப்பீர்கள். சின்னவள் உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். பேச்சி கிட்டே போய், பாவாடை நுனியை எடுத்து அவள் மூக்கில் வைத்து, “சிந்து” என்றாள். சின்னவள் சிந்தினாள். அவ்வளவுதான். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

ஒரு ஞாயிறு நீங்கள் இங்கே, அடுத்த ஞாயிறு நாங்கள் அங்கே என்று வழக்கமானது அதற்குப் பிறகு. எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. பெறாத பிள்ளை என்று ஊருக்குத் தண்டோரா போடுகிறாயா என்பார். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், ஸ்டேஷனுக்கு வண்டி மட்டும் பேசி வைப்பார். ஒருமுறை நாம் நால்வரும் ரயிலில் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்த திருத்தங்கல் அம்மாள் விசாரித்தது நினைவிருக்கிறதா?

“நீங்க ரெண்டு பேரும் கூடப்பெறந்தவுகளா?”

“இல்லை. இதுக ரெண்டும் கூடப்பெறந்ததுக.”

“அப்ப நீங்க என்ன முறை?”

“அதுக்கு இன்னும் பேரு வைக்கலைங்க” என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “சாத்தூர் வந்துருச்சு” என்று மூட்டையை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பாதையில் சாத்தூரே கிடையாது என்று சொல்லி நீங்கள் ஒரு வாரம் சிரித்தீர்கள். பேச்சி உங்களைச் செல்லி அம்மா என்றாள். செல்லி என்னைப் பேச்சி அம்மா என்றாள். இதைப் பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விஜயா என்ற பெயர் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது.

அந்த ஞாயிறுகளில் நாம் பேசியதெல்லாம் வேறு யாரிடமும் பேச முடியாத பேச்சு. தூக்கத்தில் எழுந்து உட்காரும் பிள்ளையை என்ன செய்வது, தலையணைக்கு அடியில் முறுக்கை ஒளித்து வைப்பவளைத் திட்டலாமா, பெற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் பார்க்காத நாம் என்ன சொல்வது. பெற்றவர்களிடம் இதைக் கேட்டால் பரிதாபப்படுவார்கள். பிறகு நம்மைப்போலப் பிள்ளை எடுத்தவர்கள் ஒருவர் இருவராக உங்களைத் தேடி வந்தார்கள். தாயில்பட்டியிலிருந்து ஒரு தம்பதி வந்து, பிள்ளைக்கு விஷயத்தை எப்போது சொல்வது என்று கேட்டார்கள். “பதினெட்டு வயசுல ஒக்கார வச்சுச் சொல்ல அது என்ன கல்யாணப் பேச்சா? பால் குடிக்கையிலயே கதை மாதிரி சொல்லுங்க. அதுபாட்டுக்கு வளரும்” என்றீர்கள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மாடிப்படியில் நின்று என்னைத் திருப்பி அனுப்பிய அதே ஆள்தான் நீங்கள்.

செல்லிக்கு ஒன்பது வயதானபோது உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டி, அது காசநோய் என்று தெரிந்தது. மதுரைப் பக்கத்தில் பெரிய ஆசுபத்திரியில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும், பிள்ளை கிட்டே வரக் கூடாது என்றார்கள். அண்ணனின் அக்கா, தங்கை எல்லாரும் செல்லியை வைத்துக்கொள்கிறோம் என்று முன்வந்தார்கள். நீங்கள் எங்களிடம் கொண்டுவந்து விட்டீர்கள். விருதுநகர் ஜங்ஷனில் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு தூரமாகவே நின்றீர்கள். என்னை மட்டும் கையால் கூப்பிட்டு, “நான் திரும்பி வந்து கூப்பிடும்போது அவ வரமாட்டேன்னா விட்டிருங்க. கட்டாயப்படுத்தாதீக” என்றீர்கள்.

இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது. ஒரே பாயில் படுப்பார்கள். சண்டை போடுவார்கள், அதுவரை அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்காரர்கூட மண்டியிலிருந்து சீக்கிரம் வர ஆரம்பித்தார். ஒருநாள் அவர், “இங்கனயே இருந்துட்டாத்தான் என்ன?” என்று கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது.

அடுத்த கோடைக்குள் குணமாகி வந்தீர்கள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தீர்கள். பேச்சி தங்கையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். செல்லி அந்தப் பையைப் பிடித்து இழுத்தாள்.

“நான் அக்காகூட இருக்கேன்.”

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. “சரி தாயி, இரு” என்று சொல்லிவிட்டு, பாசஞ்சருக்கு நேரமாச்சு என்று எழுந்தீர்கள். ஸ்டேஷன் வரை நான் கூட வந்தேன். வழியில் வத்தல் விலை என்ன என்று கேட்டீர்கள். நான் சொன்னேன்.

வழக்கம்போல் ஞாயிறுகளில் வந்தீர்கள். சேவு வாங்கி வந்தீர்கள், இருவருக்கும் தலையில் பேன் பார்த்தீர்கள், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். சாயங்காலம் ஆனதும் தனியாகக் கிளம்பிப் போனீர்கள். மூன்றாவது தடவையோ நான்காவதோ, நீங்கள் எழுந்தபோது செல்லியும் எழுந்தாள். தன் பையைத் தானே எடுத்துவந்தாள். பேச்சி ஆச்சரியப்பட்டு, “என்னடி, போறியா?” என்றாள்.

“ஆமா.”

“ஏன்?”

“அம்மா ஒருதரம்கூட வான்னு சொல்லலை” என்றாள் செல்லி.

உங்களுக்கு அது கேட்டிருக்காது. நீங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அதன்பின் உங்களுக்கு நல்ல வருஷங்கள் சில கிடைத்தன. பேச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாய் யார் என்று கேட்டபோது, இரண்டு பேரும் போய் முன்னால் நின்றோம். அவர்கள் குழம்பியது அவர்கள் பாடு. போன வருஷம் பழைய சளி திரும்பியது, இந்த முறை மருந்து கேட்கவில்லை. கடைசி வாரத்தில் நீங்கள் என்னிடம் செல்லியைப் பற்றி ஒன்றும் ஒப்படைக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. காலில் போர்வை விலகியிருந்ததைச் சரிசெய்யச் சொன்னீர்கள்.

காரியம் முடிந்த அன்றே எல்லாரும் சொன்னார்கள், பதினாறு வயதுப் பெண், தாயில்லாத வீடு, அண்ணன் பொழுதெல்லாம் பிரஸ்ஸில் கிடப்பவர், கையோடு விருதுநகருக்குக் கூட்டிப் போய்விடு என்று. எங்கள் வீட்டுக்காரர் அவளுக்கென்று அறையை வெள்ளையடித்தே வைத்துவிட்டார். பேச்சியும் அதைத்தான் சொன்னாள். நான் செல்லியிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அப்பாவோடு இருக்கிறாள். காலேஜுக்குப் போக வேண்டும் என்கிறாள், அண்ணன் சம்மதித்திருக்கிறார்.

இப்போது எல்லா ஞாயிறும் நான்தான் போகிறேன். சமைத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறேன். சில நாள் இரண்டு பேரும் மாடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து வண்டி ஏற்றிவிடுகிறாள். ஜன்னலோரம் அவள் நிற்கும்போது, வா என்ற ஒரு சொல் என் தொண்டை வரை வந்துவிடும். நீங்கள் அந்த ஞாயிறுகளில் தனியாகத் திரும்பிப் போனபோது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. சொல்லாமல்தான் வருகிறேன், மதினி. வண்டி திருத்தங்கல் தாண்டும் வரை கஷ்டமாக இருக்கும்.