கையகலம் திறந்த கதவு

ட்ரோன்ட்ஹைம்
21 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்கா குத்ரூனுக்கு,

நலம். நீயும் ஸ்டைனார் அத்தானும் நலம்தானே? நலம் விசாரிப்பது எனக்குச் சரியாக வராது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ரோரோஸில் குளிர் இறங்குவதற்குள் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். வீட்டுக்காரனாக என் பங்கு வேலைகள் நடக்கின்றன. புகைபோக்கி துடைக்க ஆள் சொல்லிவிட்டேன். கூரைத் தகரம் மாற்றியாயிற்று. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை நான் வந்து பார்க்கிறேன். குடியிருப்பவளாக உனக்கு ஒரே வேலை. சமையலறைப் பின்கதவை மூடி வை.

மாடியில் குடியிருக்கும் ஹால்வர் போன் செய்தார். ரயில்வேயில் இருந்தவர், குரலும் ரயில்தான். “தம்பி, உங்க அக்கா தினமும் ஒரு மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் கதவைத் திறந்து வச்சு ஊர்க் காக்காய்க்கெல்லாம் சூடு காட்டுறாங்கப்பா. பனி விழுந்தா என் குழாயில தண்ணி வருமா, ஐஸ் வருமா?” அவர் கேட்டதில் தப்பில்லை. மாடிக்குப் போகும் குழாய் அந்தக் கதவை ஒட்டிய சுவருக்குள்தான் ஓடுகிறது. போன வருஷமே இரண்டு முறை உறைந்து, ஹேர் டிரையர் வைத்து உருக்கினோம்.

அப்போது குழந்தை ஆமுந்த் பகலில் வெளியே தள்ளுவண்டியில் தூங்கினான். அழுதால் கேட்கட்டும் என்று கையகலம் திறந்து வைத்தாய். குளிர்காற்றில் தூங்க வைப்பது நம் பக்கத்தில் கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் செய்வதுதான். இப்போது எதற்கு? அவன் போய் ஆறு மாதம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. யாராவது சொல்லத்தானே வேண்டும்.

உன் தம்பி
ஐவிந்த்


ரோரோஸ்
2 அக்டோபர் 1986

அன்புத் தம்பி ஐவிந்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காட்டுப்பழ ஜாம் இரண்டு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். நீ வருவதே அபூர்வம். வந்தாலும் ரேடியேட்டரைப் பார்க்கிறாய், மனிதர்களைப் பார்ப்பதில்லை.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்படாதே. காய்ச்சலோடு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான், வெறுங்கையோடு திரும்பியதும் நான்தான். அவன் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தள்ளுவண்டியைக்கூட ஆஸ்பத்திரி நர்ஸின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு மணியானால் கை தானாகக் கதவுக்குப் போகிறது. மூன்று மணிக்கு மூடிவிடுகிறேன். அந்த இரண்டு மணி நேரம் இருந்தால் மிச்ச இருபத்திரண்டையும் எப்படியோ தள்ளிவிடுகிறேன்.

உன் அத்தான் அந்த நேரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். “குளிருதா?”ன்னு கேட்டேன். “எனக்கென்னடி, பேப்பர்ல எல்லாம் சூடான செய்திதான்”கிறார்.

குழாயை வேறு பக்கம் நகர்த்த முடியாதா? நீ இன்ஜினியர். இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா குத்ரூன்


ட்ரோன்ட்ஹைம்
9 அக்டோபர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

முடியும். ஆனால் சமையலறைத் தரையை உடைக்க வேண்டும். மூன்று நாள் வேலை. எனக்கு லீவு கிடையாது. கதவை அடைப்பதென்றால் அரை நாள் போதும். இன்னொன்று, குழாயை நகர்த்திக் கொடுத்தால் அடுத்த வருஷமும் திறந்து வைப்பாய், அதற்கடுத்த வருஷமும் திறந்து வைப்பாய். இது குழாய்ப் பிரச்சினை இல்லை அக்கா. நீயே மூடிவிடு. அதுதான் உனக்கும் நல்லது.

ஐவிந்த்


ட்ரோன்ட்ஹைம்
16 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஹாமாரில் அத்தானின் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை வந்தேன். இந்நேரம் பார்த்திருப்பாய். சொன்னால் விடமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை. கதவைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பஞ்சு அடைத்து, பலகை அடித்து, வண்ணமும் பூசிவிட்டேன்.

ஹால்வர் வந்து கை கொடுத்தார். “அக்காகிட்ட கேட்டியாப்பா?” என்றார்.

“கேட்டா வேலை நடக்காது.”

“நான் தண்ணி வரணும்னுதான் சொன்னேன். இது வந்து...” என்று இழுத்தவர், கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான் தனியாகத்தான் முடித்தேன்.

புண்ணைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ஆறாது. கோடை வரும்போது நீயே ஒப்புக்கொள்வாய்.

உன் தம்பி
ஐவிந்த்


ரோரோஸ்
24 நவம்பர் 1986

ஐவிந்துக்கு,

வேலை சுத்தமாக இருக்கிறது. ஊசி நுழைய இடமில்லை.

ஊரிலிருந்து வந்த மறுநாள் ஒரு மணிக்கு அந்தச் சுவர் முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, உன் அத்தான் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

டிசம்பர் முதல் தேதி ஹாமாருக்கே போய்விடுகிறோம். சாவி ஹால்வரிடம் இருக்கும். கோபமில்லை. நீ எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாய். என்னிடம் காரணம் எதுவும் இல்லை, அதனால் தோற்றுப்போனேன்.

குளிரில் தலையை மூடாமல் திரியாதே.

குத்ரூன்


ரோரோஸ்
18 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஹாமாருக்குப் போன பிறகு இது நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. தபால் போய்ச் சேருகிறது என்று அத்தான் போனில் சொன்னார்.

லீவு போட்டுவிட்டு வந்து தரையை உடைத்தேன். மூன்று நாள் என்று எழுதியிருந்தேன், இரண்டே நாளில் முடிந்தது. குழாய் இப்போது வீட்டு நடுச்சுவரில் போகிறது. பலகையைப் பிரித்துக் கதவையும் மாட்டிவிட்டேன். வாடகைக்கு இரண்டு குடும்பம் வந்து கேட்டது, இல்லை என்றேன். நீ வருவாய் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஒன்றை உன்னிடம் சொல்லவே இல்லை. போன ஜனவரியில் ரேடியேட்டர் பார்க்க வந்தேனே, அன்று ஆமுந்தை வெளியே தூங்க வைத்துவிட்டு நீ கடைக்குப் போனாய். “காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டே இருடா” என்றாய். நீ தெருமுனை தாண்டியதும், காற்று அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டேன். வேலை முடிந்து எட்டிப் பார்த்தபோது முகமெல்லாம் சிவந்து, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவ்வளவு நேரம் அழுதிருக்கிறான். தூக்கினேன். ஏழு கிலோ, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விக்கினான். நீ வருவதற்குள் தோளிலேயே தூங்கிவிட்டான்.

“சமர்த்தா இருந்தானா?” என்று கேட்டாய்.

“இருந்தான்” என்றேன்.

இல்லை அக்கா. உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். நான்தான் கதவைச் சாத்தியிருந்தேன்.

ஐவிந்த்