கடல் கொண்டதாக எழுதப்பட்ட அண்ணன்

சட்ட மாணவி ஒருத்தி இன்று என் மேசையில் கொண்டுவந்து வைத்த போட்டோக்கொப்பித் தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. அந்த மை வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். நாம் சட்டம் படித்த நாட்களில், மழைக்காலத்தில் சூடான தாள்களைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, சட்டத்தால் உடனடியாகக் கிடைக்கும் நன்மை இதுதான் என்பாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துவர ஓடினாள்.

போர் முடிந்து சில வருடங்களில் அந்த வேலை நமக்கு வந்தது. மட்டக்களப்புப் பக்கத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன ஒருவன் வெளிநாடொன்றில் அகப்பட்டிருந்தான். அங்கே அவன்மேல் போர்க்குற்ற வழக்குத் தொடர முயன்ற சட்டத்தரணிகளுக்குப் பழைய தீர்ப்புகளைத் தேடிச் சுருக்கி அனுப்புவது சட்ட மாணவர்களான நம் பங்கு. நீண்ட தீர்ப்பைக் கண்டு நான் சலித்துக்கொண்டால், "சூடடிக்கிற மாதிரித்தான். வைக்கலத் தள்ளித் தள்ளிப் பாரு, நெல்லு அடியில கிடக்கும்" என்பாய். படுவான்கரை வயற்காரரின் மகள் அல்லவா நீ.

அவன் கொண்டுபோனவர்களில் உன் அண்ணனும் ஒருவர் என்பதை மெல்லத்தான் சொன்னாய். கடல் பொங்குவதற்குச் சில மாதம் முன்பு, கொக்கட்டிச்சோலையில் உங்கள் வளவுக்குள் ஆட்களோடு வந்து, அம்மா பார்த்திருக்கவே அண்ணனைக் கொண்டுபோனான். பிறகு சுனாமி. கடலில் காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா போய், கடற்கரையோரக் கல்லடிக்கு மேசன் வேலைக்குப் போன இடத்தில் மகன் கடலோடு போய்விட்டான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். கடல் எட்டிப்பார்க்காத ஊரிலிருந்து ஒரு சுனாமிச் சாவு. மகனைத் தேடித் திரிகிற வீடு என்று தெரிந்தால் அடுத்து உன்னைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பழியைக் கடல்மேல் போட்டு உன்னைக் காப்பாற்றினார்.

வெளிநாட்டுச் சட்டத்தரணிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கடலில் இறந்ததாகப் பதிந்த ஒருவரின் பெயர், தாயே வந்து உண்மையைச் சொன்னால் ஒழியக் குற்றப்பத்திரத்தில் ஏறாது. பயத்தில் பொய் சொன்ன தாய்மாரைப் பின்னர் நீதிபதிகள் நம்பிய தீர்ப்புகளை நீ தேடிப் பிடித்தாய். ஒவ்வொன்றையும் அம்மாவுக்குக் கதையாகச் சொன்னாய். அம்மா மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே பதில்தான்.

"அவன் போயிட்டான் மனே. நீ இரிக்காய்தானே எனக்கு."

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், உன் அம்மாவிடம் வாக்குமூலம் வாங்க முடியாது என்று நான் கேலி செய்தேன். நீயும் சிரித்தாய்.

இறுதியாண்டில், மாரி மழையோடு வந்த டெங்கு உன்னைக் கொண்டுபோனது. போருக்கும் ஆள்பிடிப்புக்கும் தப்பியவளை ஒரு நுளம்பு கொன்றதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உன் ஊர் மயானத்திலேயே புதைத்தோம்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு அம்மா தனியே பஸ் ஏறி மட்டக்களப்புக்கு என்னிடம் வந்தார். வாக்குமூலம் எழுது என்றார். வந்தவர்கள் யார், என்ன சொல்லிக் கூட்டிப்போனார்கள், அண்ணன் அன்று உடுத்திருந்த சாரம் என்று ஒன்று விடாமல் சொன்னார். முன்பு பொய்ச் சத்தியம் செய்தவர் இப்போது ஏன் உண்மை சொல்கிறார் என்று நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். அதற்கான பதிலும் வாக்குமூலத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குக் காட்டித்தந்தவள் நீ. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"ஒரு பிள்ளையை எந்த மண்ணில தாட்டதெண்டு எனக்குத் தெரியும். மத்ததை எங்க தாட்டதெண்டு கொண்டுபோனவன் சொல்லட்டும். இனி நான் ஆருக்காகப் பயப்பிட?"

எழுதினேன். என் மகள் இறந்துவிட்டதால் எனக்கு இப்போது அச்சமில்லை என்று, சட்டத் தமிழில், உன் முழுப்பெயரையும் போட்டு எழுதினேன். வாசித்துக் காட்டினேன். ஓம் என்று கையெழுத்து வைத்தார்.

அண்ணனின் பெயர் குற்றப்பத்திரத்தில் ஏறிவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. நீ தேடியலைந்த சாட்சியம், நீ இல்லாமல் போனதால்தான் கிடைத்தது. வழக்கை நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். உன்னிடம் சொல்லத்தான் இத்தனை வருடம் எனக்கு வாய் வரவில்லை.