புகாரே வராத தெரு

மாப்ள,

இன்று காலை உன் வீட்டில் அம்மா கொடுத்த தண்ணீரை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். சாக்கடை வாடை. லேசாகத்தான். ஆனால் நீயும் நானும் குழி குழியாக மோந்து பார்த்துத் திரிந்தவர்கள். அந்த வாடையில் எனக்குத் தப்பு வராது.

போன வருடம், எந்தத் தெருவின் குழாயை முதலில் மாற்றுவது என்று நம் குடிநீர் ஆபீஸில் இருவரும் பட்டியல் போட்டோம். நான் புகார்களை எண்ணி வரிசைப்படுத்தினேன். உன் தெருவிலிருந்து ஒரு புகாரும் இல்லை, கடைசிக்குப் போனது. மண்ணுக்குள் இருப்பது தாத்தா காலத்து இரும்புக் குழாய் என்றாய். வீட்டுக்கு வீடு குழாயிலேயே திருட்டுத்தனமாக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால் விரிசல் வழியே சாக்கடையும் சேர்ந்து வரும் என்றாய். எனக்கு அவசரம். மதியத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும்.

“சொந்தத் தெருவுக்கு சிபாரிசா மாப்ள?” என்றேன். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

நீ சிரிக்கவில்லை. “புகார் சொன்னா மொதல்ல மோட்டாரத்தானடா புடுங்குவீங்க. அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல,” என்றாய். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

காளவாசலில் லாரி உன்னை அடித்துப்போட்டு நாலு மாதமாகிறது.

அம்மாவிடம் வாடையைச் சொன்னேன். “மொத ரெண்டு கொடத்தக் கீழ ஊத்திருவோம்ப்பா. அவன்தான் சொல்லிட்டுப் போனான்,” என்றார்கள். அந்நேரம் உன் மகள் மூன்றாவது குடத்தில் மொண்டு வாயில் வைத்தாள். பாய்ந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளை மிரண்டு அழுதது. கொதிக்க வைக்காமல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கக் கூடாது என்று அம்மாவிடமும் கத்திவிட்டேன். இத்தனை நாள் எம்புட்டுக் குடித்தாளோ என்று கேட்காமலே கிளம்பிவிட்டேன்.

திருத்தத்துக்கு வந்த பட்டியல் இப்போது என் மேசையில் இருக்கிறது. உன் தெருவை மேலே ஏற்றிவிட்டேன். தோண்டி மாற்ற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதே குழாய், அதே மோட்டார்கள். அடியில் இன்னும் பல தெருக்கள் கிடக்கின்றன, புகார் கட்டத்தில் வெறும் பூஜ்ஜியத்தோடு. முன்பு அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்தால் வேலை மிச்சம் என்று தாண்டிப் போவேன். இன்று அந்தத் தெருக்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டேன். அங்கெல்லாம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க எனக்கு யாருமில்லை.

நாளை தண்ணீர் திறக்கும் நேரத்துக்கு அதில் முதல் தெருவில் நிற்பேன். மோட்டாரைப் பிடுங்க வரவில்லை என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். நம்புவார்களா, தெரியவில்லை.

உன் மகளிடம் பிடுங்கிய டம்ளர் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதில்தான் பிடித்து மோந்து பார்க்கப் போகிறேன்.