குடை பிறந்த இடம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் பிள்ளைகளும் சௌக்கியம். பெரியவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எது பேசினாலும் பாதி காற்றுதான். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் குடைத் தொழிற்சாலைக்குத் துணி உள்ளூரில் கிடைக்கிறது, கம்பி கடல் தாண்டி வருகிறது. கோத்துத் தைத்துப் பக்கத்து நாட்டுக்கு அனுப்புகிறோம். உங்கள் வர்த்தகத் துறை அந்த நாட்டோடு பேசிக்கொண்டிருக்கும் ஒப்பந்தம் வந்தால் அங்கே நமக்கு வரி இல்லை. ஆனால் குடையின் மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு இங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்று விதி வருமாமே. எங்களிடம் இப்போது முப்பதுதான் தேறும். விதி அதைத் தாண்டினால் எங்களை மூடிவிட்டு, கம்பி செய்கிற நாட்டுக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடத் தலைமை அலுவலகம் யோசிக்கிறது.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து திட்டப் பிரிவுத் தலைவர் வந்தார். தேநீர் குடித்துக்கொண்டே, "உங்க அக்கா அந்தப் பேச்சுவார்த்தைலதானே இருக்காங்க? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

என் நிர்வாகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள் அக்கா. விதி முப்பதுக்கு மேலா, கீழா? அதை மட்டும் எழுது.

உன்
குட்டி

மார்ச் 15

என் அன்புக் குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் இப்போது மாடிப்படி ஏறுகிறார், முனகலோடு.

நீ கேட்டதைச் சொல்ல மாட்டேன். கேட்டதும் தப்பு. உன் கடிதத்தை அன்றைக்கே என் மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டேன். குடை, செருப்பு, பை என்று என்னிடமிருந்த கோப்புகளை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது பொத்தானும் ஊசியும். பேச்சுவார்த்தைக்கு வெளிநாடு போவதாக இருந்தேன், அதுவும் இல்லை.

என் மேல் கோபம் வரும், தெரியும். திட்டியாவது எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

அன்புடன்
அக்கா

மே 2

அக்காவுக்கு,

ஒன்றரை மாதம் உனக்கு எழுதக் கை வரவில்லை. சொந்தத் தங்கையின் கடிதத்தை மேசையில் வைத்தாளே என்று நினைத்து நினைத்துப் பொருமினேன். இவரிடம் சொன்னால், "அவங்க செஞ்சது சரி. நீதான் கேட்டிருக்கக் கூடாது" என்றார். இரண்டு நாள் இவரோடும் பேச்சில்லை. பாவம், காபிகூடத் தானே போட்டுக்கொண்டார்.

அப்புறம் யோசித்தேன். விதி என்னவென்று தெரிந்தால்தான் பிழைப்போம் என்றால் அது என்ன பிழைப்பு? எங்கள் ஃபோர்மேனிடம் பேசினேன். "கம்பி வளைக்கறதுக்கு எதுக்கும்மா கடல் தாண்டணும்? மெஷின் வாங்கிக் குடுங்க, நான் வளைக்கிறேன்" என்றார். கம்பி கப்பலில் வர இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடுகிறது. இங்கேயே செய்தால், வரிச் சலுகை வந்தாலும் வராவிட்டாலும் லாபம்தான். பத்துப் பக்கத்துக்கு எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

திட்டப் பிரிவுத் தலைவர் போனில், "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "சொல்ல மாட்டாங்க சார். நானும் இனிமே கேக்க மாட்டேன்" என்றேன். கம்பியை இங்கேயே செய்வது பற்றி எழுதி அனுப்பியிருப்பதைச் சொன்னேன். பிறகு, "அந்தப் பத்துப் பக்கத்தை எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்றார்.

உன் வெளிநாட்டுப் பயணம் என்னால் கெட்டது. அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

குட்டி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தலைமை அலுவலகம் சம்மதித்து, மெஷின் வந்துவிட்டது. முதல் நாள் வளைத்த கம்பியில் செய்த குடை ஒரு பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஃபோர்மேன் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "நனையறவங்க பாதி நனைஞ்சாப் போதும்" என்றார். தொழிற்சாலையே சிரித்தது. இப்போது நேராகிவிட்டது.

ஒப்பந்த விவரம் நேற்றுப் பத்திரிகையில் வந்தது. விதி, நாற்பது. எங்கள் குடை இப்போது நாற்பத்தாறு. ஒருவரும் வெளியே போகவில்லை. கம்பிப் பிரிவுக்குப் புதிதாகப் பதினெட்டுப் பேர்.

நீ அன்றைக்கு நாற்பது என்று சொல்லியிருந்தால் நான் பயந்துபோய் எல்லோருக்கும் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பேன். ஆனால் இதை வைத்து நீ ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.

உன்
குட்டி

ஆகஸ்ட் 20

என் குட்டிக்கு,

நாற்பது என்பதை நானும் பத்திரிகையில்தான் பார்த்தேன். அத்தானை எழுப்பிச் சொன்னேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் கடிதத்தைக் கொடுத்தபோது மேலதிகாரி, "உங்க தங்கச்சிக்கு வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்கு வந்துடுவாங்க சார்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தானும் நானும் பின்னறையைக் காலி செய்தோம். பழைய அலமாரியை விற்றோம். இரண்டு கட்டில், பிள்ளைகளுக்கு ஒரு மேசை, மாப்பிள்ளைக்கு உயரமாக ஒரு தலையணை. ஜன்னலுக்குத் திரையும் தைத்துப் போட்டேன். அத்தான் முனகிக்கொண்டு மாடிப்படி ஏறியதும் அந்த அலமாரியைத் தூக்கியதால்தான்.

ஐந்து மாதமாக அந்த அறையை யாரும் பயன்படுத்தவில்லை. வாராவாரம் கூட்டி வைக்கிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றைக்கு ஆரம்பம் என்று மட்டும் எழுது.

அன்புடன்
அக்கா