அடிப்பிடித்த பானையும் மூதூர் லோஞ்சும்

சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு நான் மறந்துபோனேன் என்று இந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கதை. தவறு. நான் மறக்கவில்லை. பானை அடுப்பில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். கேற்றடியில் நின்று மீன்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். கண் குழிந்து, செவுள் வெளிறிப்போன பாரையைக் காட்டி, "இறக்கக்கண்டியில விடியப் பிடிச்சதம்மா" என்றான். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போக என்னால் முடியுமா? பத்து நிமிடத்தில் முடியும் என்று கணக்கிட்டேன். அரை மணித்தியாலம் எடுத்தது. அது மறதி அல்ல, கணக்குப் பிழை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் எனக்கு மூளை தட்டிவிட்டது என்கிறார்கள்.

ஆனாலும் மூன்று நாளாகக் குசினியில் அந்தத் தீய்ந்த மணம் போகவில்லை. தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாயிற்று. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை பானை அடிப்பிடித்ததே இல்லை. அவருக்கு மூக்கு நல்லது. இன்று காலை கறுத்த பானையோடு நிற்கும்போது அவரை அல்ல, உன்னைத்தான் நினைத்தேன். கோபத்தோடுதான் நினைத்தேன். உன்னிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. நீயோ மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டாய். நீ மௌத்தானது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதையும் மறந்துவிட்டேன் என்று இவர்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

கொன்வென்ரில் நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். சிஸ்டர் கேள்வியை முடிக்குமுன் என் கை மேலே நிற்கும். மலைகளின் உயரம், தலைநகரங்கள், ஆங்கில வினைச்சொற்கள் எல்லாம் எனக்கு வரிசையாக வரும். மூதூரிலிருந்து வந்து நகரத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்த நீயோ, உன் பெயரைக் கேட்டாலும் யோசிப்பவள்போல முகட்டைப் பார்ப்பாய். "பொறுங்க சிஸ்டர், யோசிச்சிச் செல்லுறன்." வகுப்பு சிரிக்கும். உனக்குப் 'பொறு' என்று பட்டம் வந்தது. சூட்டியவள் நான். நீ அதைக் கடைசிவரை அறிந்திருந்தாய் என்று நினைக்கிறேன். ஒருநாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் மறுத்திருப்பேன், அது வேறு விடயம்.

உன் தங்கையின் கல்யாணத்துக்கு மூதூர் போகப் புறப்பட்ட நாளையும் மறக்கவில்லை. எனக்குக் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்த புதிது. கொட்டியாரக் குடாவின் அகலமும் தெரியும், அதைக் கடக்கும் லோஞ்சின் வேகமும் தெரியும். பத்து மணிக்கு ஏறினால் பதினொன்றரைக்கு மூதூர். இறங்குதுறையில் நீ கால் ஊன்றி நின்றாய்.

"ஏறு. நான் கணக்குப் போட்டிட்டன்" என்றேன்.

"பொறு புள்ள."

"உன்ர பொறுவக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை நரைச்சிடும்."

"நரைக்கட்டும். இதில போகேலாது போல இரிக்கி. நான் பஸ்ஸில போறன். நீயும் வா."

"ஏன் போகேலாது?"

"அதத்தான் யோசிக்கிறன்."

காரணம் சொல்லத் தெரியாதவளோடு எனக்கென்ன பேச்சு? நான் ஏறினேன். குடாவின் நடுவில் எஞ்சின் நின்றது. கச்சான் காற்று வேறு. காலையில் தின்றதை எல்லாம் புதுச் சேலையில் சத்தி எடுத்தேன். பரிசாகக் கொண்டுபோன கண்ணாடிக் கோப்பைகளில் இரண்டு உடைந்தன. மாலை மூன்று மணிக்கு மூதூரில் கரை தட்டியபோது, கிண்ணியா வழியாக, ஆற்றுக்கு ஆறு இறங்கி மிதவையில் கடந்து, நீ எனக்கு முன்னரே வந்து இளநீரோடு நின்றாய்.

"முதல்ல குடி. பொறகு ஏசலாம்" என்றாய்.

நான் ஏசவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்டேன். நீ சொன்னவற்றில் எனக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை. லோஞ்சோட்டி இரண்டு தரம் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்ததை நானும் கண்டேன். வேறொரு படகிலிருந்து அவனுடைய ஆள் அரைக் கலன் டீசல் இரவல் வாங்கி வந்ததையும் கண்டேன். நிழல் இருக்கைக்கு எப்போதும் முந்துகிற மூதூர் வியாபாரிகள் அன்று தேத்தண்ணிக் கடையை விட்டு அசையாததையும் கண்டேன். கண்டுவிட்டு, என் பெருக்கலையும் வகுத்தலையும் நம்பி ஏறினேன்.

"நீ கண்டதத்தான் நானும் கண்டன்" என்றாய். "நீ ஒவ்வொண்டையும் தனித்தனியா அலுமாரியில வெச்சிப் பூட்டிப்போட்டாய். நான் அதுகள ஒண்டோட ஒண்டு கதைக்க உட்டன். அதுகள் கதைச்சி முடியுமட்டும் பொறுக்கத்தானே வேணும்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்தவை அதிகம், தலையும் வேகம். இரண்டும் இருந்தால் யோசனை தானாக வந்துவிடும் என்று வாழ்நாளில் பாதியை நம்பிக் கழித்தேன். வராது. அதற்கு வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்கவேண்டும். எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வேலை அது.

பானை கருகிய செய்தி யார் மூலமோ கொழும்பிலிருக்கும் மகளுக்குப் போய், அவள் மறுநாளே வந்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைக் கோட் அணிந்த ஒரு பிள்ளை, பேத்தி வயது, கையில் நேரம் பார்க்கும் போனோடு கேள்வி கேட்டாள். ஐந்து சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிக் கேட்டாள். எனக்கு இரண்டுதான் வந்தன. திகதியும் இரண்டு நாள் பிழை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, குசினியில நெருப்புப் பிடிச்சா என்ன செய்வீங்க?"

"பொறு பிள்ளை. எந்த நெருப்பு? எண்ணெய்ச் சட்டியிலயா, சீலையிலயா, காஸ் குழாயிலயா? எண்ணெயில தண்ணி ஊத்தினா வீடே போயிடும்."

"உடன மனசில வாறதச் சொல்லுங்கம்மா."

"உடன வாறத உடன செய்துதான் ஒருக்கா மூதூர்க் கடலில சத்தி எடுத்தனான்."

போன் கீச்சிட்டது. அவள் ஏதோ குறித்தாள். எட்டிப் பார்த்தேன்: 'பதில் தாமதம்.' மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோவன்!"

அப்போதுதான் என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் எது என்பது எனக்கே உறைத்தது. வாங்கின் மறுமுனையில் முகட்டைப் பார்த்தபடி நீ இருந்த மாதிரி இருந்தது. வகுப்பு சிரித்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவர இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. எரிச்சல் அந்தப் பிள்ளைமேல் பாதி, என்மேல் பாதி.

மகள் சனிக்கிழமை மறுபடியும் வருகிறாள். "வான் பிடிச்சுக்கொண்டு வாறன். தேவையான சாமான்களை மட்டும் கட்டி வையுங்கோ. இனி உங்களால தனிய இருக்க ஏலாது." அவளுடைய ஏழாம் மாடி வீட்டில் எனக்கு ஓர் அறை. துறைமுகம் தெரியாது. வருகிற கப்பலின் கொடியைப் பார்த்து நாட்டைச் சொல்ல அங்கே என்ன இருக்கிறது? அவளுக்கு எழுத்தில் ஒரு மறுப்பு தயாரித்தேன். மூன்று பக்கம், அடித்தல் திருத்தல் இல்லை. நன்றாக வந்திருக்கிறது.

பிறகு, கறுத்த பானையோடு நின்றபோது, உன் வழியில் ஒருதரம் செய்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தவற்றைக் கதைக்க விட்டேன். பானை அடுப்பில் என்பதும் தெரியும், என் வாதம் எதுவும் பத்து நிமிடத்தில் முடிந்ததில்லை என்பதும் தெரியும். இரண்டும் சந்திக்கவில்லை. யாருக்கும் சொல்லாத இன்னும் இரண்டு இருக்கின்றன. போன செவ்வாய் பிரஷர் குளிசையை இரண்டு தரம் போட்டு, தலைசுற்றிப் பகல் முழுக்கப் படுத்திருந்தேன். அதற்கு முதல் வாரம் சந்தை முனையில், வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஒரு நிமிடம் நின்றேன். ஒரு நிமிடம்தான். இவை கூடிக் கதைத்துச் சொன்ன முடிவு என் மூன்று பக்கத்துக்கு நேர் எதிரானது.

இப்படி ஒரு முடிவுக்கு வரத் தெரிந்தவளுக்கு மூளை கெட்டுவிட்டது என்கிறார்கள். அதைவிட வேடிக்கை, அந்த முடிவுதான் அவர்கள் சொல்வதைச் சரியாக்குகிறது. யாரிடம் போய் இதை வாதாடுவது?

உன்னிடம் கேட்கவேண்டியது இதுதான். தெரிந்தவை கதைத்தால் அது யோசனை என்றாய். தெரிந்தவை ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டால், மிச்சம் இருப்பவை எதைக் கதைக்கும்? அப்போதும் பொறுத்து நிற்கத்தான் வேண்டுமா? அந்த மூன்று பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

பட்டம் சூட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதை நான் இரண்டாம் தரம் சொல்லப்போவதில்லை.

சனிக்கிழமைக்கு முன் பதில் வேண்டும். எவ்வளவு நேரமும் யோசி, ஆனால் எழுதி அனுப்பு. வாயால் சொன்னால் நான் மறந்துவிடுவேன்.