கெல்சி நிரப்பிய தாள்

டாஸ்மேனியா,
செப்டம்பர் 19

அன்புள்ள டங்கன்,

இங்கே எல்லோரும் நலம். அந்தப் பனிக் கண்டத்தில் நீயும் கைகால் விறைக்காமல் நலமாக இருக்க வேண்டும். போனில் நான் உனக்குச் சொன்னதெல்லாம் நிஜம்தான். உன் பையன் பிறந்துவிட்டான், ஐந்து வாரம் முந்திக்கொண்டான், இரண்டு கிலோ நூறு கிராம், கெல்சி நன்றாக இருக்கிறாள். ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. உனக்குத் தெரியக்கூடாது என்று உன் பெண்டாட்டி என் வாயைக் கட்டி வைத்திருந்தாள். நேற்றுத்தான், சரி, எழுதுங்கள் என்றாள். இதைக் கையால் எழுதித் தபால் ஆபீஸ் பெரிலிடம் கொடுத்தால், அவள் படம் பிடித்து உன் முகாமுக்கு அனுப்பி வைப்பாள். ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். படிப்பாள். பெரில், வணக்கம்.

முதலில் பண்ணைச் சமாச்சாரம். ஆடுகள் பாதிக்கு மேல் ஈன்றுவிட்டன. உறைபனியில் பதினொரு குட்டி போயிற்று. கீழ் மேய்ச்சலில் வேலி சாய்ந்து கிடக்கிறது, நீ வந்துதான் பார்க்க வேண்டும். மழை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நீ கப்பலேறின மூன்றாம் வாரம், தான் கர்ப்பம் என்று கெல்சிக்குத் தெரிந்தது. போனில் உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். போனை வைத்ததும் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக்கொள்வாள். சாப்பாடு இறங்காது. போன வருஷம் நாம் மண்ணில் வைத்த பெண்பிள்ளையைப் போல இதுவும் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப் போய்விடும் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். வயிற்றில் வைத்தால் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிற ஒரு சின்னக் கருவியை வாங்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து படுக்கும்வரை முப்பது தடவை வைத்துக் கேட்பாள். கேட்ட ஐந்து நிமிஷம் நிம்மதி, ஆறாவது நிமிஷம் மறுபடியும் கருவியை எடுப்பாள். புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவை அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடியிருக்கிறேன் தெரியுமா? ஒரு தடவையும் புலி இல்லை.

நம் ஊர் டாக்டரம்மா அவளை மனநல மருத்துவரிடம் அனுப்பப் பார்த்தாள். ஹோபார்ட்டில் நாலு மாசம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் பிள்ளையே நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் கம்ப்யூட்டரில் படிக்கிற மனப் பயிற்சி ஒன்றை எழுதிக் கொடுத்தாள். கர்ப்பிணிகளுக்கென்றே செய்தது, ஆறு பாடம், வாரத்துக்கு ஒரு முறை சிட்னியிலிருந்து ஒரு பெண் போனில் பத்து நிமிஷம் பேசுவாள். உங்கள் வீடு குன்றுக்குப் பின்னால் இருப்பதால் அங்கே இன்டர்நெட் எட்டாது. என் சமையலறை மேசைதான் பள்ளிக்கூடம். கம்ப்யூட்டரைப் பார்த்து மனசு சரியாகும் என்றால் ஆடுகளுக்கும் ஒன்று வாங்கிப் போடலாமே என்று வாயை விட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கெல்சி கோபப்பட்டு நான் பார்த்து மூன்று மாசமாகியிருந்தது, அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று வைத்துக்கொள்.

பாடத்தில் மார்னி என்று ஒரு கர்ப்பிணி, படக்கதையாக வருகிறாள். அவளுக்கும் இதே பயம். நான் எதிரில் பேப்பரை விரித்துக்கொண்டு பார்க்காத மாதிரி பார்ப்பேன். மூன்றாம் பாடத்தில் கெல்சிக்கு முன்னால் நானே உட்கார்ந்து, மார்னிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன். அதற்கும் திட்டு விழுந்தது. கவலைப்படுவதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் நாலு மணி முதல் நாலு இருபது வரை. மற்ற நேரத்தில் வருகிற கவலையை ஒரு துண்டில் எழுதி வைத்து, நாலு மணிக்கு வா என்று அனுப்பிவிட வேண்டும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் வாரம் என் கவலைகளையும் டீயோடு எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு அவளெதிரே போய் உட்கார்ந்தேன். மழையும் நீயும்தான் என் கவலை.

இன்னொன்று, தாள். அதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பயம் வந்தால் ஒரு தாளில் எழுத வேண்டும்: மனசு என்ன சொல்கிறது, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறாய், அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன, அடுத்து என்ன செய்யப் போகிறாய். ஆரம்பத்தில் எல்லாத் தாளிலும் கெல்சி எழுதியது ஒன்றுதான். பிள்ளை செத்துவிடும், நூற்றுக்கு நூறு. சாட்சிப் பகுதி காலியாகக் கிடக்கும். ஜூலையில் ஒரு நாள் அந்தத் துடிப்புக் கருவியை என் கையில் கொடுத்து, நான் கெஞ்சினாலும் தராதீர்கள் என்றாள். அதன் சத்தம் ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை, பிள்ளையின் அசைவைப் பழகிக்கொள், மாறினால் உடனே போன் செய் என்று ஆஸ்பத்திரிப் பிரசவத் தாதி ஷோனா சொல்லியிருந்தாளாம். முதல் நாள் அழுதாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆனால் கருவியைக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. போன வருஷத்திலிருந்து மூடிக் கிடந்த தொட்டில் அறைக் கதவை ஆகஸ்டில் திறந்து ஜன்னலைத் துடைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டேன்.

இப்போது நான் செய்த தப்பு. இந்த மாசம் எட்டாம் தேதி காலை, கஞ்சி குடித்து முடித்த கெல்சி, வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கஞ்சி உள்ளே போனால் பிள்ளை மேளம் கொட்டும், அது வழக்கம்.

"கிளைவ், பாப்பா இன்னைக்கு வேற மாதிரி இருக்கு," என்றாள் என்னைப் பார்த்து.

நாற்பத்தைந்து வருஷம் ஆடு ஈன்றதைப் பார்த்தவனில்லையா நான்? பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்: "ஆடு ஈனறதுக்கு முன்னாடி குட்டி இப்படித்தான் அடங்கும்மா. உன் பாடத்துல என்ன சொன்னாங்க? நெனப்பு வேற, நடப்பு வேற. போய்த் தாளை எடுத்து எழுது."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். தாளை எடுத்து எழுதினாள். அதற்குள் நான் ஓடிப்போய், அவள் என்னிடம் நம்பி ஒப்படைத்த கருவியைக் கொண்டுவந்து அவள் வயிற்றில் வைத்தேன். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. பார்த்தாயா என்றேன். எனக்குத்தான் அது வேண்டியிருந்தது டங்கன், அவளுக்கில்லை.

"துடிக்குதுன்னு மட்டும்தான் இது சொல்லும். நல்லா இருக்கான்னு சொல்லாது," என்றாள் கெல்சி. "பயம் வந்தா எனக்குத் தெரியும் கிளைவ், அது கத்தும். இது கத்தல. வண்டியை எடுங்க."

நான் சாவியைத் தேடும்போதே ஷோனாவுக்குப் போன் போட்டுவிட்டாள். இப்போதே வா என்று பதில் வந்தது. ஒன்றரை மணி நேரப் பாதை. பதறிய காரியம் சிதறும் என்பார்கள், பதறினது நான்தான். பாலத்துக்கு முன்னால் மரம் ஏற்றிவந்த ஒரு லாரியின் மேல் காரை விட இருந்தேன். மூச்சை மெதுவாக விடுங்கள், நாலு எண்ணி விடுங்கள் என்று அவள் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள். கையொன்று வயிற்றிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றித் துடிப்பை அளக்கிற பட்டை கட்டிப் பார்த்தார்கள். இருபது நிமிஷத்தில் அவளை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தொப்புள்கொடியில் முடிச்சு விழுந்து இறுகிக்கொண்டிருந்ததாம். பிறகு வெளியே வந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம், நாளைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதைக் கேக்காதீங்க என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கு முன்னால், ஆபரேஷன் அறைக் கதவு மூடியிருந்த நேரத்தில்தான் என் சட்டைப் பையில் அவள் திணித்துவிட்டுப் போன தாளைப் பிரித்தேன். காலையில் நான் இழுத்தடித்துக்கொண்டு நின்றிருந்த ஐந்து நிமிஷத்தில் எழுதியது. அப்படியே தருகிறேன்.

மனசு சொல்வது: பிள்ளைக்கு ஏதோ சரியில்லை. நம்புவது: நூற்றுக்கு நாற்பது. சாட்சி: நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அசைவு குறைவு, கஞ்சிக்குப் பிறகு ஒன்றுமில்லை. எதிர்ச்சாட்சி: கிளைவின் ஆடுகள். செய்யப் போவது: ஷோனாவுக்குப் போன்.

சிரித்தேன், அப்புறம் அழுதேன், எதிரில் இருந்த ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாற்பதுதான் எழுதியிருக்கிறாள், பார். நூறு நூறு என்று எழுதிக்கொண்டிருந்த நாளெல்லாம் வெறும் பயம். நாற்பது என்று எழுதின அன்று, ஆடு மேய்த்த கிழவன் ஒருவன் அவள் பாடத்தையே திருப்பி அவள் மேல் வீசியும், கலங்காமல் எழுந்து போனாள். தன் பயத்தின் குரலையும் தன் பிள்ளையின் மௌனத்தையும் பிரித்துப் பார்க்க ஒருத்திக்கு முடிந்தது என்றால், அதை என்னவென்று சொல்வது? நான் எத்தனையோ பிறப்பு பார்த்தவன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 

உன் அம்மா ஜோனுக்கு உனக்கு முன்னால் ஒரு பிள்ளை போயிற்று. உனக்குத் தெரியாது, நாங்கள் பேசினதில்லை. அவள் எழுந்திருக்காமல் கிடந்தபோது, கோழிக்குத் தீனி போடு, சரியாகிவிடும் என்றேன். அவளும் போய்ப் போட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை, அதனால் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கெல்சிக்கு இன்னும் அழுகிற நாட்கள் இருக்கின்றன. நாலு மணி ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கவலைக்கு உட்கார்ந்துவிடுகிறாள், நானும் டீயோடு போய்விடுகிறேன். பையனுக்குக் குழாய்களை எடுத்துவிட்டார்கள், பால் குடிக்கிறான். பெயர் வைக்கவில்லை, நீ வர வேண்டும் என்கிறாள்.

நீ பனிக்குள் போய் ஒளிந்துகொண்டாய் என்று நான் சொல்லவில்லை. போ என்று சொன்னவனே நான்தான். ஆனால் அந்தப் பெண்பிள்ளைக்காக நீ அழுது நான் பார்த்ததில்லை. அப்பாக்களுக்கென்று அந்தப் பயிற்சியில் ஒரு பாடம் இருக்கிறது, முகவரியை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே, உட்கார்ந்து படி.

நவம்பரில் வருகிற முதல் விமானத்தில் உனக்கு ஓர் இடம் பிடி. கெல்சி உன்னைக் கூப்பிட மாட்டாள், அதனால் நான் கூப்பிடுகிறேன். தினமும் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுக் கதை சொல்கிறேன், பையன் என் குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறான். அது உனக்குச் சேர வேண்டியது மகனே. சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
கிளைவ் ஹார்ட்நெல்